சுவரில் என்ன வரையலாம் என்பதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உங்கள் புளோக்கில் முதுமை மறதி நோய் (டிமென்ஷியா) உள்ள மூவர் இருப்பது வசிப்போர் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. இருவர் தமிழர்கள். அவர்களில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் தினமும் காலையில் தனியாகக் காப்பிக்கடைக்குப் போய்வருகிறார்; சென்ற மாதம் இரண்டு தடவை வேறு மாடியில் வேறொருவர் வீட்டுக் கதவில் சாவியை நுழைத்துப் பார்த்திருக்கிறார். குழுவிடம் 5,000 வெள்ளி இருக்கிறது, கீழ்த்தளச் சுவரில் எந்த மாதிரிப் படம் வரைந்தால் இவர்களுக்கு உதவும் என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று சிலர் பேசுகிறார்கள்" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. அந்தப் பெரியவர் இன்னும் எவ்வளவு காலம் தன் காலில் காப்பிக்கடைக்குப் போய்வரலாம், அதற்கு அக்கம்பக்கம் என்ன செய்ய வேண்டும்? படத்துக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் பின்னால்.

மனநலக் கழகம் 2023ல் நடத்திய மூத்தோர் நல ஆய்வின்படி, சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் இன்னும் நோய் கண்டறியப்படாதவர்கள் 51.5 விழுக்காடு. 2013ல் நடந்த இதே ஆய்வில் அது 70.6 ஆக இருந்தது. முன்னேற்றம்தான், ஆனாலும் பாதிப் பேர் இன்னும் கணக்குக்குள் வரவில்லை. எனவே உங்கள் புளோக்கில் மூவர் என்றால், உங்களுக்குத் தெரிந்தவர்கள் மூவர், அவ்வளவுதான். மூன்று பெயர்களை வைத்துத் திட்டம் போடாமல், அந்த வழியில் நடக்கிற எந்த முதியவருக்கும் பொருந்துகிற மாதிரிப் போடுங்கள். யாருக்கு நோய் இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல், அதைவிட முக்கியமாக அந்தப் பெரியவரிடமே கேட்காமல், யாரிடமும் சொல்லக்கூடாது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் நிலை நன்றாகவே தெரியும். "ஐயா, காலையில நீங்க நடந்துபோற வழியில எது சிரமமா இருக்கு?" என்று கேட்டால் சொல்வார்கள். கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். அவர்களை விட்டுவிட்டு அவர்களுக்காகப் போடும் கூட்டங்களில் முடிவாவது பெரும்பாலும் சுவர்ப்படம்தான்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம்மிடையே "மறை கழண்டுபோச்சு", "புத்தி பேதலிச்சிடுச்சு" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது; இன்னொரு பக்கம் "வயசானா அப்படித்தான்" என்று தட்டிக்கழிப்பதும் இருக்கிறது. முதலாவது குடும்பத்தைக் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிறது, இரண்டாவது மருத்துவரிடம் போகவிடாமல் செய்கிறது. ஜப்பானில் இந்த நோய்க்கு இருந்த பழைய பெயருக்கு மடமை என்று பொருள் வந்ததால் 2004ல் அரசாங்கமே பெயரை மாற்றியது. மறு ஆண்டில்தான் சாதாரண மக்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து ஆதரவாளர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதுமை மறதி நோய் என்ற நம் பெயரும் முழுக்கச் சரியில்லை. மறதி அதில் ஒரு அறிகுறிதான். வழி பிடிபடாமல் போவது, சொல் கிடைக்காமல் திணறுவது, தரையின் ஆழத்தைத் தவறாகக் கணிப்பது, திடீர்க் கோபம் எல்லாம் அதே நோய்தான். 65 வயதுக்கு முன்பே வருவதும் உண்டு. உங்கள் கூட்டத்தில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் இந்த விளக்கத்தைச் சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் "அவருக்குத்தான் பழைய கதையெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கே, நடிக்கிறார்" என்று யாராவது சொல்வார்கள்.

இனி வேலை. செலவே இல்லாத முதல் வேலை, அவர் போகும் வழியை நடந்து பார்ப்பது. அவர் சம்மதித்தால் அவரோடு, அவர் போகும் அதே நேரத்தில், மூன்று நாள். அவர் இழுத்துக்கொண்டு போகட்டும், நீங்கள் வழி காட்டாதீர்கள். ஒரு தாளில் இரண்டே இரண்டு விஷயங்களைக் குறியுங்கள்: எங்கெல்லாம் நின்று யோசிக்கிறார், எங்கெல்லாம் யாரோடு பேசுகிறார். நிற்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கும். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் இடமா வலமா என்ற இடம், இரண்டு புளோக்குக்கு நடுவே கூரையிட்ட நடைபாதை பிரியும் இடம், சாலையைக் கடக்கும் இடம். சாலைச் சந்திப்பில் கிரீன் மேன் பிளஸ் கருவி இருந்தால் முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் சந்திப்பின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். ஆனால் அட்டையைத் தட்டவேண்டும் என்ற நினைவு வேண்டுமே. தட்டாமல் கடக்கிறாரா, பாதியில் விளக்கு மாறும்போது நின்றுவிடுகிறாரா என்று பாருங்கள். பாதியில் நிற்பவர் என்றால் அந்தச் சாலை இல்லாத வழியைப் பழக்க முயலலாம். புது வழி பழகுவது ஆரம்பக் கட்டத்தில் மட்டுமே நடக்கும், அதுவும் தினமும் ஒருவர் கூடவே நடந்து பல வாரம் எடுத்துக்கொண்டால்.

தாளின் மறுபாதி, அவர் பேசும் ஆட்கள், அதுதான் உங்கள் உண்மையான திட்டம். பத்துப் பேருக்கு மேல் வராது. காலை 7 மணிக்கே கீழ்த்தளத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் துப்புரவு ஊழியர், காப்பிக்கடையில் பானம் கலக்குபவர், மினிமார்ட் காசாளர், முடிதிருத்துபவர், நாலு நம்பர் லாட்டரிக் கடையில் வரிசையில் நிற்கும் இரண்டு நண்பர்கள், பக்கத்து வீட்டுப் பணிப்பெண். வசிப்போர் குழுவில் உள்ளவர்கள் மாதம் ஒரு முறை கூடுவார்கள். துப்புரவு ஊழியர் தினமும் அவரைப் பார்க்கிறார். அந்த ஊழியர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால், அடித்தது யோகம், உங்களுக்கு வேண்டிய மொழியும் அவரிடம் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சிகளுக்கு அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை. ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பும் டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பும் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்கே விஷயம்: கண்ணில் வைத்திருங்கள், பொறுமையாகப் பேசுங்கள், என்ன தேவை என்று கவனியுங்கள், உதவிக்குத் தொலைபேசியில் அழையுங்கள். இதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலை நடத்தினால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் வருவார்கள். பிற்பகல் 3 மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், காப்பிக்கடையிலேயே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடத்துங்கள். ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். ஒரு தடவை நடத்திப் படம் எடுத்துப் போட்டுவிட்டு முடித்துக்கொண்ட இடங்களில் ஓராண்டு கழித்துப் போனால் பயிற்சி பெற்ற ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார்.

எப்படிப் பேசுவது என்பதை நடித்துக் காட்டிச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் நிற்காது. முன்பக்கமாக வரவேண்டும், அவர் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்கார வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அந்தப் பத்து எண்ணுவதுதான் எல்லாரும் தோற்கும் இடம். நான்காவது எண்ணிலேயே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டுவிடுவார்கள், அவர் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பிப்பார். நம்மவர்கள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு. கோயிலில், கல்யாண வீட்டில் வயதானவரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா, யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்போம். அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனால் அது பலபேர் முன்னால் வைக்கும் தேர்வு. இரண்டு தடவை அதில் தோற்றவர் மூன்றாம் தடவை கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பார். குடும்பம் அதைப் பிடிவாதம் என்று நினைக்கும். "மாமா, நான் ஆறாவது மாடி செல்வி, உங்க பொண்ணோட படிச்சேன்" என்று நாமே சொல்லிவிட்டால் போதும். சொன்னபின் அவர் முகம் மலர்ந்தாலும் மலராவிட்டாலும் பேச்சைத் தொடரலாம்.

மொழியைப் பற்றிச் சிங்கப்பூரில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். நோய் கூடக்கூடப் பெரும்பாலும் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், சிறுவயது மொழி கடைசிவரை நிற்கும். நாற்பது ஆண்டு வேலையிடத்தில் ஆங்கிலமும் பசார் மலாய் என்ற சந்தை மலாயும் பேசியவர் வெறும் தமிழுக்குத் திரும்புவார். வாயில் ஊறிப்போன தொடர்கள் மட்டும் விதிவிலக்கு. பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை "கோப்பி ஓ கோசோங்" என்று தடங்கல் இல்லாமல் கேட்பார். அதைக் கேட்ட கடைக்காரர் ஆங்கிலத்தில் "இங்கேயா, பொட்டலமா" என்று திருப்பிக் கேட்டதும் விழிப்பார். பின்னால் வரிசை நீளும், அவர் காசை வைத்துவிட்டுக் காப்பி இல்லாமல் போய்விடுவார். இதற்குத் தீர்வு சுலபம்: அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம், எப்போதும் கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள் என்று கடையில் ஒரு தடவை சொல்லிவைப்பது. பலதுறை மருந்தகத்தில் நினைவுச் சோதனைக்குப் போகும்போதும் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறியதை மறதியாக எண்ணிவிட இடமுண்டு, சரளமான நாலு ஆங்கிலத் தொடர்களை வைத்து நன்றாக இருக்கிறார் என்று எண்ணவும் இடமுண்டு.

காசு விஷயத்தில் கடைக்காரருக்கும் குடும்பத்துக்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருந்தால் பல சண்டைகள் வராது. பணம் கொடுத்ததை மறந்து இரண்டாம் முறை கொடுப்பது, கொடுக்காமல் எழுந்து போவது இரண்டும் நடக்கும். குடும்பம் வாரம் ஒரு முறை வந்து கணக்கு முடிக்கட்டும், நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கட்டும், கடையில் ஒரு சிறு நோட்டு போதும். நோயின் ஒரு வகையில், மூளையின் முன்பகுதி பாதிக்கப்படும்போது, மினிமார்ட்டில் மிட்டாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கூச்சமில்லாமல் நடப்பார்கள். அது திருட்டு இல்லை என்று காசாளருக்குத் தெரிந்திருந்தால் போலீசுக்குப் போகாமல் வீட்டுக்குத் தகவல் போகும். பெரிய தொகைகளுக்கு, இணையம் வழியாக எடுக்கமுடியாதபடி சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் வசதி 2023 இறுதியிலிருந்து உள்ளூர் வங்கிகளில் இருக்கிறது, குடும்பத்திடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தவறான கதவு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் இது ஏன் நடக்கிறது என்றால், எல்லா மாடியும் ஒன்றுபோல இருப்பதால்தான். ஒரு மாடி முன்னால் இறங்கிவிட்டால் கால் பழகிய திசையில் நடந்து, தன் வீட்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ உள்ள கதவின் முன் நிற்கும். பழைய புளோக்குகளில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. அந்தக் காலத்துப் பழக்கத்தில் எண்ணை அழுத்துவதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் வீட்டுக்கு நேர் மேலும் கீழும் உள்ள இரண்டிரண்டு வீட்டாரிடம் மட்டும் போய்ப் பேசுங்கள். கதவு குடைகிற சத்தம் கேட்டால் கத்தக்கூடாது, "இது உங்க வீடு இல்லை" என்று வாதாடவும் கூடாது, ஏனென்றால் அவர் கண்ணுக்கு அது அவர் வீடுதான். "ஐயா, வாங்க, மின்தூக்கிவரைக்கும் சேர்ந்து போவோம்" என்று கூடவே நடந்து, சரியான மாடியில் விட்டால் கால் மறுபடி வழியைப் பிடித்துக்கொள்ளும்.

இதே இடத்தில்தான் காசைச் செலவழிக்க வேண்டும் என்பேன். மின்தூக்கியிலிருந்து வெளியே வந்ததும் நேர் எதிரே தெரியும் சுவரில் மாடி எண், முழங்கை நீளத்துக்குக் குறையாத உயரத்தில், சுவரின் நிறத்துக்கு நேர்மாறான நிறத்தில். எண்ணுக்குப் பக்கத்தில் மாடிக்கு ஒரு பொருளின் படம். இந்தக் குறிகள் கண்மட்டத்துக்கும் கீழே, தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் தொடங்கவேண்டும். முதியவர்கள் விழுந்துவிடக்கூடாது என்று குனிந்தே நடப்பதால் தலைக்கு மேல் தொங்கும் பலகை அவர்களுக்கு இல்லாத மாதிரிதான். வயதான கண்ணில் வில்லை மஞ்சளாவதால் நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, அடர் மஞ்சள் போன்றவை மேல். அவர் வீட்டு வாசலிலும் ஒரு அடையாளம் வேண்டும். மாவிலைத் தோரணம் போதாது, அந்த வரிசையில் நாலு வீட்டில் தோரணம் இருக்கும். அவர் ஓட்டிய மிதிவண்டியின் மணி, அவர் இளவயதுப் படம் போல, அவருக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் நடக்கத் தடையின்றி இருக்கவேண்டும் என்ற தீயணைப்பு விதியை மறந்து பெரிய துளசி மாடத்தை வைத்துவிடாதீர்கள்.

கீழ்த்தளப் படத்துக்கு வருகிறேன். கெபுன் பாரு வட்டாரத்தில் புளோக்குகளுக்கு வெவ்வேறு நிறமும் பெரிய படங்களும் கொடுத்திருக்கிறார்கள். டோ பாயோ பேருந்து முனையத்தில் பழைய காலப் பொருள்களின் படங்களை வைத்து வழிகாட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், ஆனால் அப்படியே எடுத்துவராதீர்கள். படம் வழிகாட்டியாகப் பயன்படவேண்டுமானால் அது முடிவெடுக்கும் இடத்தில் இருக்கவேண்டும், அதாவது உங்கள் தாளில் "நின்றார்" என்று குறித்த இடத்தில். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்திருக்கும் பெரிய காலிச் சுவர் ஓவியருக்குப் பிடிக்கும், வழி தேடுபவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு புளோக்குக்கு ஒரே பொருள், முழு உருவம், பின்னணியில் காட்சி எதுவும் வேண்டாம். ஐந்து முதியவர்களிடம், எல்லா இனத்தவரும் கலந்து, வரைபடத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். சேவல் என்றால் எல்லாரும் அவரவர் மொழியில் சேவல் என்பார்கள். அம்மிக்கல்லைத் தமிழ்ப் பாட்டி கண்டுபிடிப்பார், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கண்டுபிடிக்கமாட்டார். இரண்டு விதமான பதில் வந்த படத்தைத் தள்ளிவிடுங்கள். திறந்த கதவு, படிக்கட்டு, குளம் போல ஆழம் காட்டும் ஓவியங்கள் கூடவே கூடாது, உள்ளே போகப் பார்ப்பார்கள் அல்லது பயந்து நிற்பார்கள். சுவரைத் தொடுவதற்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். மின்தூக்கி முன் உள்ள கறுப்பு மிதியடியை எடுத்துவிடச் சொல்லவும் அவர்களையே கேட்கலாம். அது நோய் உள்ளவர்கள் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும். பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும். மிதியடியை எடுக்கச் செலவு இல்லை, ஓவியத்தைவிடப் பலன் நிச்சயம்.

நிச்சயம் என்று சொன்னதால் பிரித்துச் சொல்கிறேன். நிற வேறுபாடு, வெளிச்சம், கறுப்பு மிதியடி, பேசும் முறை, பழகிய நேரம் பழகிய இடம், இவற்றில் துறையில் உள்ளவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. சுவரோவியத்தால் வழி தவறுவது குறைகிறது என்பதற்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. கொள்கை சரி, அளந்து காட்டியவர்கள் குறைவு. பழைய பாடல், பழைய பொருள்களை வைத்து நினைவுகளைக் கிளறும் நிகழ்ச்சிகள் மனநிலைக்கு நல்லது, நோயை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வல்லாரை, நினைவுப் புதிர் விளையாட்டு, இணையத்தில் விற்கும் மாத்திரை எல்லாம் அதே வரிசை. மறுபக்கம், 2024ல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, ரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைக் கையாண்டால் உலக அளவில் 45 விழுக்காடு வரை இந்த நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குழு காது, சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒரு நாள் ஒதுக்கினால் அதுவும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

அக்கம்பக்கத்தில் அதிகம் புண்படுத்துவது எது என்று கேட்டால், "மருமக எனக்குச் சோறே போடல" என்ற ஒரு வாக்கியம். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். "சாப்பிட்டீங்களா?" என்று நாம் பழக்கத்தில் கேட்போம், அவர் இல்லை என்பார், மறுநாள் புளோக் முழுக்கப் பரவிவிடும். அந்த மருமகள் அதன்பின் அவரை வெளியே அனுப்பவே தயங்குவாள். இதைக் கேட்டால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அப்படியா, வாங்க, ஒரு காப்பி குடிப்போம்" என்று போய்விடுங்கள். ஆனால் உடல் இளைத்துக்கொண்டே போவது, காரணம் சொல்லமுடியாத காயம், பல நாளாக மாற்றாத உடை இவை கண்ணில் பட்டால் அது வேறு விஷயம், அப்போது பேசாமல் இருப்பதுதான் தவறு. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000 இரவு பகலாக இயங்குகிறது. எதற்கும் முன்னால் அந்த மருமகளிடம், "வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் நான் மாமாவைப் பார்த்துக்கறேன், நீ வெளிய போய்ட்டு வா" என்று ஒருவர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். "எதாவது வேணும்னா சொல்லு" என்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

கோயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழ்ப் பெரியவர் என்றால் காப்பிக்கடைக்கு அடுத்து அதுதான். வெள்ளி மாலையும் பிரதோஷமும் வேண்டாம். தவில், மணி, கூட்டம் எல்லாம் சேர்ந்து அவரைக் கலக்கிவிடும். வேலைநாள் காலையில் இரண்டு பூசைக்கு நடுவே போகலாம். செருப்பு விடும் இடத்தில் ஒரு நாற்காலி, அவர் செருப்பை ஒரு பையில் போட்டுக் கூட வருபவர் கையிலேயே வைத்துக்கொள்வது. திரும்பும்போது செருப்பு கிடைக்காத கலவரம்தான் அன்றைய தரிசனத்தைக் கெடுக்கும். அன்னதானத்தில் வாழை இலை அருமையான ஏற்பாடு, பச்சையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும், கையால் சாப்பிடுவது கடைசிவரை மறக்காது. அதே சோற்றை வெள்ளைத் தாள் தட்டில் வைத்தால் பாதி அப்படியே கிடக்கும், பசி இல்லை என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். கணவரை மனைவி கழிவறைக்கு அழைத்துப்போக முடியாத சங்கடத்துக்கு, உடற்குறையுள்ளோர் கழிவறையின் சாவி எங்கே இருக்கிறது என்று தொண்டூழியர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

காணாமல் போனால் என்ன செய்வது என்பதை நடப்பதற்கு முன்னால் எழுதி வைக்கவேண்டும். ஒரு பக்கத்தாள்: அண்மையில் எடுத்த படம், உயரம், பேசும் மொழி, கூப்பிட்டால் திரும்பும் பெயர், மருந்துகள், அவர் வாழ்ந்த வேலைசெய்த பழைய இடங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். மாலை ஐந்து மணிக்கு "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புபவர் தேடிப் போவது இன்றைய வீட்டை இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர் அங்கே போவார். பிரிட்டிஷார் 1971ல் போய்விட்டதெல்லாம் அவர் கால்களுக்குத் தெரியாது. தேடும்போது முதல் பதினைந்து நிமிடம் புளோக்குக்குள்ளேயே: படிக்கட்டு, கழிவறை, அதே கதவு நிலையில் எல்லா மாடியும். கிடைக்காவிட்டால் 999. இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்பது வெறும் நம்பிக்கை, அப்படி விதி இல்லை. பிறகு பழைய முகவரிகள், கோயில், பேருந்து முனையம். வழிதவறிய ஒருவரை நீங்கள் கண்டால், டிமென்ஷியா கோ-டு பாயிண்ட் என்று குறிப்பிட்ட இடத்துக்கு அழைத்துப் போகலாம். எம்ஆர்டி நிலையங்களும் பேருந்து முனையங்களும் அதில் சேரும். குடும்பத்தார் டிமென்ஷியா சிங்கப்பூரின் காரா செயலியில் பதிந்துவைத்தால் உறுப்பினர் குறியீட்டை வருடி அவர்களை எட்டலாம். சட்டைக் காலரின் உட்புறம் பெயரும் தொலைபேசி எண்ணும் தைத்துவையுங்கள், வீட்டு முகவரியும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். இடம் காட்டும் சிறு மின்னணுக் கருவிகள் உதவும், ஆனால் மின்கலம் தீர்ந்துபோவதும், அவர் சட்டையை மாற்றிவிடுவதும்தான் வழக்கமான தோல்வி. அவர் எப்போதும் மறக்காமல் எடுத்துப்போகும் பொருள் எதுவோ அதில் வையுங்கள்.

என் எல்லையையும் சொல்லவேண்டும். இது அக்கம்பக்கத்துக்கான பதில், மருத்துவம் இல்லை. ஒருவர் இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பிப்போனால் அதை முதுமை மறதி என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், மருந்துக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். தனக்காக முடிவெடுக்க இன்னொருவரை முன்கூட்டியே நியமிக்கும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தை அவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதைக் குடும்பத்துக்கு நினைவூட்டலாம், விவரத்தை உரியவர்களிடம் கேட்கட்டும். எங்கே தொடங்குவது என்று குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் ஏஐசி 1800-650-6060, டிமென்ஷியா சிங்கப்பூர் 6377 0700.

உங்கள் 5,000 வெள்ளிக்கு என் வரிசை: மாடி எண்களும் மின்தூக்கி முன் குறிகளும் முதலில், இருட்டான இரண்டு மூன்று இடங்களுக்கு விளக்கு கேட்டு நகர மன்றத்துக்குக் கடிதம், வழியில் பாதித் தூரத்தில் கைப்பிடி உள்ள ஒரு இருக்கை, மிச்சம் இருந்தால் சேவல். ஆறு மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி அவரோடு நடங்கள். நிற்கும் இடங்கள் கூடியிருக்கும். சாலையின் நடுவில் நிற்கத் தொடங்கினாலோ, வெயிலிலோ மழையிலோ ஒதுங்கத் தெரியாமல் நடந்தாலோ, தனியாகப் போகும் காலம் முடிந்துவிட்டது. அப்போதும் காப்பிக்கடையை நிறுத்தவேண்டாம். அந்தப் பத்துப் பேரில் இருவர் முறைவைத்துக் காலை ஏழரைக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கட்டும், "நானும் அந்தப் பக்கந்தான் போறேன், வாங்க" என்று.